பதினெட்டு – ஐம்பத்தைந்து

கேமராவோடு சேர்ந்து வந்த லென்ஸின் விளிம்பில் 18–55 என்று எழுதியிருக்கிறது. கேமரா நிக்கான் டி3100. 2010-இல் வெளிவந்தது; புதிதாகப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கென்று அந்த நிறுவனம் செய்த வரிசையில் ஒன்று. 14.2 மெகாபிக்சல். பதினொரு ஃபோகஸ் புள்ளிகள். மெமரி கார்டு போட ஒரே ஒரு இடம், திருகுவதற்கு ஒரே ஒரு சக்கரம். ஈப்போவில் படம் பிடிக்கும் நண்பர்களோடு உட்கார்ந்தால், வெள்ளைக் காப்பி ஆறுவதற்குள் பேச்சு இதற்கு வந்துவிடுகிறது. "எப்பத்தான் மாத்தப் போற?"

அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பவை மிரர்லெஸ் கேமராக்கள். பறக்கும் பறவையின் கண்ணைக்கூடத் தாமாகத் தேடிப் பிடிக்கும். அவற்றை வாங்கிப் பார்த்திருக்கிறேன். நல்ல கருவிகள். என் கேள்வி அவற்றைப் பற்றியதல்ல. பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் இருந்த இடங்களைத் தேடிப்போய்ப் படம் பிடிக்கிறேன். அந்த வேலைக்கு என்ன வேண்டும்? அதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று தோன்றியதால் இந்தக் குறிப்புகள்.

*

தோட்டம் இருந்த இடத்தை எப்படி அடையாளம் காண்பது என்பது முதல் வேலை. சுங்கை சிப்புட் பக்கமானாலும் சரி, கம்பார், தாப்பா, பீடோர் பக்கமானாலும் சரி, சாலையிலிருந்து பார்த்தால் செம்பனைதான் தெரியும். 1960-களுக்குப் பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பட்டணத்தை ஒட்டியிருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. அதற்கும் முன்னால், 1950-களிலேயே, வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது தொழிலாளர்கள் நின்ற இடத்திலேயே வேரற்றுப் போனார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். அந்த வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. தரையில் இருப்பது வேறு மாதிரி.

லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இடிந்து மண்ணோடு போயிருக்கும். செம்பனைக்கு நடுவே திடீரென்று ஒரு முருங்கை நிற்கும். பத்து அடி தள்ளி ஒரு கறிவேப்பிலை. இன்னும் பத்து அடியில் ஒரு மாமரம், அதற்கப்பால் மறுபடியும் முருங்கை. இப்படி ஒரு வரிசை போனால் அது லயத்துப் பின்வாசல்களின் வரிசை. வீட்டுக்கு வீடு நட்டது. வரிசை முடியும் இடத்தில் மாரியம்மன் கோயில் இருக்கும், பெரும்பாலும் இன்னும் விளக்கெரிகிற கோயில். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து கார்களில் வந்து கூடுகிறார்கள்.

இதைப் படமாக்க லென்ஸின் 18 மில்லிமீட்டர் முனை போதும். என் கேமராவின் சென்சார் சிறியது. அதில் இந்த 18, பழைய ஃபிலிம் கேமராவின் 27-க்குச் சமமான அகலத்தைக் காட்டும். கோயில் படியில் நின்றால் முருங்கை வரிசை முழுதும் சட்டத்துக்குள் வந்துவிடும். தொல்லை தருவது வெளிச்சம். செம்பனை நிழல் கறுத்துக் கிடக்கும்; மேலே வானம் வெள்ளையாய் எரியும். பழைய சென்சார் இரண்டையும் ஒருசேரத் தாங்காது. புதுக் கேமரா இன்னும் கொஞ்சம் தாங்கும். நம் ஊரில் சூரியன் காலை ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. ஏழேகாலிலிருந்து எட்டு வரை வானமும் நிழலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் டி3100 தாங்குகிறது. அப்படிப் போகும் நாளில்தான் கோயிலுக்குப் பூ வைக்க வரும் ஆளையும் பார்க்க முடிகிறது. எட்டு மணிக்கு மேல் போனால் மரங்கள் மட்டும்தான் இருக்கும்.

*

ஈப்போவின் புந்தோங்கில் ஒரு மலிவு விலை வீடு. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். "மொத பசியாறு தம்பி, அப்புறம் படம்" என்று பாட்டி உட்கார வைத்துவிட்டார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் படம், மாலையோடு. பாட்டியின் அம்மா. பெரிய படம், கையகலத்தில் நாலைந்து மடங்கு இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் யாரோ தூரிகையால் வேலை செய்திருந்தார்கள். சேலைக்குக் கரை போட்டிருந்தார்கள். காதில் தோடு, மூக்கில் மூக்குத்தி. கண்ணின் கருமணிகூட வரைந்ததுதான்.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஐசி படம் என்றார், அடையாள அட்டைக்கு எடுத்தது.

1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுதும் அவசரகாலம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்காக எல்லோரும் கேமராவின் முன்னால் நின்றார்கள். பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போகக் காசும் நாளும் இல்லாத தோட்டத்துப் பெண்கள் பலருக்கு வாழ்நாளின் முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். பலருக்குக் கடைசிப் படமும் அதுவே. பாட்டியின் அம்மாவுக்கு அப்படித்தான். அவர் காலமானபின் அட்டைக்கு எடுத்த படத்தைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி, 'டச்சப்' செய்து, கண்ணாடி போட்டு மாட்டினார்கள். மூன்று சென்டிமீட்டர் படம் அது. இத்தனை பெரிதாக்கினால் முகம் கரைந்துபோகும். கரைந்த இடத்தையெல்லாம் ஸ்டூடியோக்காரர் வரைந்து நிரப்பியிருக்கிறார்.

மூலப்படம் பிஸ்கட் டின்னில் இருந்தது. ஜன்னலோரம் மேசையில் வைத்து, முக்காலியில் கேமராவை மாட்டி, 55-இல் முடிந்தவரை நெருங்கினேன். இந்த லென்ஸ் 28 சென்டிமீட்டர்வரை நெருங்கவிடும். அவ்வளவு நெருங்கியும் அந்தச் சின்னப் படம் சட்டத்தில் பாதியைக்கூட நிரப்பவில்லை. ஆனாலும் அதன் அகலத்துக்கு 1,800 பிக்சலுக்குக் குறையாமல் கிடைத்தது. அந்தப் படத்தில் இருக்கும் விவரம் அவ்வளவுதான். அதற்குமேல் எந்தக் கேமராவும் எடுக்க முடியாது.

கேமராவின் பின்திரையில் பாட்டியிடம் காட்டினேன். அந்தத் திரை 230,000 புள்ளிகள் மட்டும் கொண்டது. இன்றைய மலிவான கைப்பேசியின் திரைகூட அதைவிடத் தெளிவு. பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுவரில் இருக்கும் அம்மாவின் காதில் தோடு இருக்கிறது. திரையில் இருக்கும் அம்மாவின் காதில் ஒன்றுமில்லை.

"தோடு அப்ப அடகுல இருந்திச்சு," என்றார். "அண்ணனுக்கு டைபாய்டு. கிராணிகிட்ட கேட்டு லீவு வாங்கி, ஈப்போவுக்கு நடந்தே போய் அடகு வச்சாங்களாம். மீட்கவே இல்ல."

அவருடைய மகள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றார். அவருக்கு இது தெரியாது. அறுபது வயதுக்காரர் அவர். பிறந்ததிலிருந்து அந்தத் தோட்டைப் பார்த்துத்தான் தன் பாட்டியைக் கும்பிட்டிருக்கிறார்.

அன்று இரவு அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிட நல்ல கேமரா இருந்திருந்தால் இதில் எது கூடியிருக்கும் என்று தேடினேன். உண்மையாகவே தேடினேன்.

*

கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கில்லாமல் பேசினால் பிடித்த பொருளுக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும்.

கடையில் கழுவித் தரும் சாதாரணப் படம் 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1,200-க்கு 1,800. மொத்தம் 2.16 மில்லியன் புள்ளிகள். கைப்பேசியில் அனுப்பினால் அதைவிடக் குறைவாகச் சுருங்கிப் போகிறது. ஏ4 தாளுக்கு ஏறக்குறைய 8.7 மில்லியன். என் கேமராவின் படம் 4,608-க்கு 3,072. அதை ஏ3 தாளில் முழுதாக அச்சிட்டால் அங்குலத்துக்குச் சுமார் 279 புள்ளி வருகிறது. ஏ3 படத்தை யாரும் மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பதில்லை. மேசையில் விரித்துச் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தத் தூரத்துக்கு 200 இருந்தாலே கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஏ3 எனக்கு முக்கியமான அளவு. பழைய தோட்டப் பள்ளியின் கூட்டுப் படங்கள், திருவிழாப் படங்கள், தொழிற்சங்கக் கூட்டங்கள் ஆகியவற்றைப் பிரதி எடுத்து ஏ3-இல் அச்சிட்டுக்கொண்டு போகிறேன். மேலே ஒளி ஊடுருவும் தாளைப் போட்டு ஒவ்வொரு தலைக்கும் எண் இடுவேன். பிறகு அது கைமாறும். ஒருவர் ஐந்து பெயர் சொல்வார், அடுத்தவர் அதில் இரண்டைத் திருத்துவார். "இவன் அவன் தம்பிலா, அண்ணன் பக்கத்துல நிக்கிறான் பாரு" என்று சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் சரியான பெயர் வெளிப்படுகிறது. தண்டலின் மகன் யார், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் யார், கள்ளுக்கடைப் பக்கம் தனியாக இருந்த வீடு யாருடையது என்று ஒன்றிலிருந்து ஒன்றாக வரும். முகம் விரல் நகம் அளவுக்கு இருந்தால் போதும், அவர்களுக்கு அடையாளம் தெரிகிறது. நிற்கும் வாகு தெரிந்தாலே சிலருக்குப் போதுமாயிருக்கிறது.

*

கருவி போதாமல் போன இடம் ஒன்று உண்டு. அதையும் எழுத வேண்டும்.

பால் வெட்டு. மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முன்னால். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்து அழுத்தம் குறையும், பால் குறையும். ஆகையால் பிரட்டு என்னும் காலைப் பெயர்ப்பதிவு முடிந்து இருட்டோடு தீம்பாருக்குள், அதாவது மரங்களுக்குள், போய்விடுவார்கள். பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல். கத்தி ஒரு மில்லிமீட்டர் ஆழம் தப்பினால் மரத்துக்குக் காயம். இன்று பேராக்கில் பால் வெட்டுபவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரச் சிறுதோட்டக்காரர்கள். கோலகங்சார் பக்கம் தனக்கென்று கொஞ்சம் மரங்கள் வைத்திருக்கும் ஒரு தமிழ் அண்ணன் இன்னும் வெட்டுகிறார். அவர் தலையில் கட்டிய விளக்குதான் முழு வெளிச்சமும்.

அதே கோலகங்சாரில், 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று மரமாகி வேலிக்குள் இன்னும் நிற்கிறது. நாட்டின் மிகப் பழைய பால்மரம். பட்டப்பகலில் அதைப் படம் பிடிக்க எந்தக் கேமராவும் போதும். இந்த அண்ணனின் கையைப் படம் பிடிக்கத்தான் வழியில்லை.

டி3100-இல் ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போனால் படம் மணல் மணலாக உதிர்கிறது. கேமராவோடு வந்த லென்ஸ் 35-இல் எஃப் 4.5 வரைதான் திறக்கும். ஷட்டர் வேகம் நொடியில் பத்தில் ஒன்றுக்கு இறங்கிவிடுகிறது. மரம் கூர்மையாக வரும். கை வெறும் கீற்றாக வரும். எனக்கு வேண்டியது அந்தக் கை. சீவும்போது மணிக்கட்டு எங்கே திரும்புகிறது என்பது.

நண்பர்கள் சொல்வது சரியான இடம் இதுதான். இங்கே இரண்டு வழி. ஒன்று, முழுச்சட்ட சென்சார் உள்ள கேமரா. அதன் பரப்பு 36-க்கு 24 மில்லிமீட்டர், என்னுடையது 23.1-க்கு 15.4. ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரிய பரப்பு. அதே திறப்பில், அதே வேகத்தில் இரண்டரை மடங்கு ஒளி சேரும். புதிய சென்சாரின் நுட்பம் அதற்கு மேலும் கொஞ்சம் சேர்க்கும். மற்றொன்று, இந்தக் கேமராவுக்கே 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ். 4.5-ஐ 1.8-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் ஆறேகால். ஆறு மடங்கு ஒளி. பத்தில் ஒன்று அறுபதில் ஒன்றாகிவிடும். கை நிற்கும். அந்த லென்ஸை நிக்கான் 2009-இல் கொண்டுவந்தது. ஈப்போவில் பழையதாகவும் கிடைக்கிறது. முழுச்சட்டக் கேமராவுக்குக் கொடுக்க வேண்டிய வெள்ளியில் அது ஒரு சிறு பங்கு.

ஆக, மாற்ற வேண்டியிருந்தது லென்ஸ். நடு ஃபோகஸ் புள்ளி மட்டும்தான் இருட்டில் நம்பிக்கையானது. தலைவிளக்கு பட்டு வெட்டுக்கோடு பளிச்சிடும் இடத்தில் அதை வைத்தால் பிடித்துக்கொள்கிறது. கத்தி இறங்கும் தருணம் அவருடைய தோள் அசைவில் முன்கூட்டியே தெரியும். நாலைந்து மரம் கூடவே நடந்தால் அந்தத் தாளம் நமக்கும் வந்துவிடும்.

*

நூற்றாண்டுக்கு முன்னால் இந்தத் தோட்டங்களைப் படம் பிடித்தவர்கள் தங்கள் காலத்தின் மிகச் சிறந்த கருவிகளை வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் ஜி.ஆர்.லாம்பர்ட் நிறுவனம். சுமத்ராவின் மேடானில் ஸ்டூடியோ வைத்திருந்த க்ளைன்குரோத்தே என்னும் ஜெர்மானியர், 1907 வாக்கில் மலாய்த் தீபகற்பத்தைப் பற்றி ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார். பெரிய கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள். அந்தத் தகட்டின் நுணுக்கத்தை என் டி3100 எட்டவே முடியாது. அக்காலத்து அஞ்சலட்டைகளில் பால்மரத்தடியில் நிற்கும் தமிழர்களைப் பாருங்கள். வேட்டியின் மடிப்பு தெரியும், பால் மங்கின் விளிம்பு தெரியும், பெண்ணின் புருவத்துச் சுருக்கம் தெரியும். கீழே அச்சிட்டிருப்பது 'தமிழ்க் கூலிகள்' என்ற அளவில்தான். எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர், யாருக்குத் தாய் என்பது எதிலும் இல்லை. புருவத்துச் சுருக்கம்வரை காட்டிய அந்தக் கருவி கேட்கத் தவறிய ஒரு கேள்வி உண்டு. அதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

பத்து காஜா பக்கத்தில் கெல்லி மாளிகை. கட்டி முடிக்காமல் விட்டுப்போன அந்த மாளிகையில் கல்யாணப் படம் பிடிக்காத ஈப்போக்காரர் குறைவு. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி, தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு கட்டியது. அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்துபோக, வேலை நின்றது. கட்டுமானத்தின்போது ஸ்பானியக் காய்ச்சல் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனதாகவும், அவர்கள் கேட்டதற்காக அருகில் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். கோயில் கூரையில் தெய்வங்களோடு ஒரு வெள்ளைக்காரர் உருவமும் நிற்கிறது. அது ஸ்மித் என்கிறார்கள். என் 55-க்கு அது எட்டாது. என் சென்சாரில் 55 என்பது ஃபிலிம் கணக்கில் 82. ஒருவரின் முகத்துக்கு அருமையான அளவு, கூரைக்கு நீளம் போதாது. கூரைமேல் நிற்பவரின் பெயர் நமக்குத் தெரியும். எனக்கு வேண்டியவை காய்ச்சலில் போனவர்களின் பெயர்கள். அவற்றுக்கு லென்ஸ் கிடையாது. ஆவணக் காப்பகத்துக்கும் அந்தத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளின் வீடுகளுக்கும்தான் போக வேண்டும்.

*

கேமராவை மாற்றியே ஆக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "உள்ளதே போதும்" என்று சொல்வது அநியாயம்.

ஈப்போ லிட்டில் இந்தியா பக்கம் கல்யாணப் படம் பிடித்துப் பிழைக்கும் தம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டுவது ஒரே முறை. தொடக்கநிலைக் கேமராவில் ஒரு கார்டுதான். அது அந்த நேரத்தில் கெட்டுப்போனால் யார் வந்து திருப்பித் தருவார்கள்? இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் எழுதும் கேமரா அவர்களுக்கு ஆடம்பரமே இல்லை. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில்வரை காவடிகளோடு நடந்து படம் பிடிப்பவருக்கும் அப்படித்தான். வியர்வை, பாலபிஷேகம், விபூதி, திடீர் மழை. ரப்பர் விளிம்பு வைத்து அடைத்த உடம்பு உள்ள கேமராவை அவர் கேட்டால் அது வேலைக்கான தேவை. தைப்பிங் மழையில் நனைந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கருவியின் விலை எந்தக் குடும்பத்தின் மேல் எப்படி இறங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது. மதுரைப் பக்கத்துப் புகைப்படக்காரர் மு.பழனிகுமாரின் முதல் கேமரா, மீன் விற்ற அவருடைய தாய் கடன் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கேமராவிலிருந்து தொடங்கியவர் தூய்மைத் தொழிலாளர்களை, குழிக்குள் இறங்கி இறந்தவர்களின் வீடுகளை, பிறகு தன் தாயைப் போல உழைக்கும் பெண்களைப் படம் பிடித்தார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 'பாரி' என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணகம் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கோடு சேர்ந்து 2022-இல் முதன்முதலாக வழங்கிய விருது அவருக்குத்தான். அவர் படங்களைப் பார்க்கும்போது எந்தக் கேமரா என்று நான் யோசித்ததே இல்லை. இந்த ஆள் அந்த வீட்டுக்குள் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்றுதான் யோசித்திருக்கிறேன்.

*

நம் ஊர் ஈரத்தைப் பற்றியும் ஒரு வரி. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் மெல்லிய நரம்பு நரம்பாகப் படரும். பிடித்தபின் எடுப்பது கடினம். ஈரப்பதத்தை நாற்பது ஐம்பது விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் உலர்பெட்டி ஒன்று வாங்கினேன். அதில் கேமரா ஒரு தட்டில். மற்ற தட்டுகளில் குடும்பங்கள் பிரதிக்காகக் கொடுத்த பழைய படங்கள். பிஸ்கட் டின்னில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்கள் நம் வீடுகளில் ஆண்டுதோறும் அழிந்துகொண்டிருக்கின்றன. ஒட்டியதைப் பிரித்தால் ஒன்றின் முகம் மற்றொன்றின் முதுகோடு போய்விடும். கேமரா மாற்றச் சேர்த்துவைத்த காசில் முதலில் போனது இந்தப் பெட்டிக்கு. பிறகு இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று என் வீட்டில், ஒன்று பினாங்கில் தங்கை வீட்டில். பிறகு பெட்ரோல், ஏ3 அச்சு, 35 லென்ஸ். இந்த வரிசையை இன்று மறுபடி போடச் சொன்னாலும் இப்படித்தான் போடுவேன்.

டி3100 என்றாவது நின்றுவிடும். நுழைவுநிலை எஸ்எல்ஆர் வரிசையை நிக்கான் 2018-இல் வந்த டி3500-ஓடு முடித்துக்கொண்டது. அதுவும் இப்போது உற்பத்தியில் இல்லை. பழைய உடம்புகள் சந்தையில் இன்னும் கிடைக்கின்றன. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதால், நாளை மிரர்லெஸுக்குப் போனாலும் இணைப்பு வளையம் ஒன்றைப் போட்டு இந்த 35-ஐ அதில் மாட்டலாம். அந்த நாள் வந்தால் தயங்காமல் மாற்றுவேன். உடைந்த கருவியைக் கட்டிக்கொண்டு அழுவதில் பெருமை ஏதுமில்லை. வேலை நடக்க வேண்டும்.

இப்போதைக்கு மேசையில் ஒரு தோட்டப் பள்ளிப் படம் இருக்கிறது. பின்புறத்தில் 1961 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. மூன்று வரிசை. மூன்றாம் வரிசை முழுதும் பெயர் கிடைத்துவிட்டது. இரண்டாம் வரிசையில் ஆசிரியருக்கு இடப்பக்கம் நிற்கும் பெண்பிள்ளையின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. புந்தோங் பாட்டி உற்றுப் பார்த்துவிட்டு, "இது பால் ஸ்டோரு கிராணி வீட்டுப் புள்ள மாதிரி இருக்கு. தெலுக் இந்தான் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. அங்க இவளோட தங்கச்சி இருக்கா" என்றார். தங்கச்சியின் மருமகன் தொலைபேசி எண் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். படத்தை ஏ3-இல் இன்னொரு பிரதி அச்சிடக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும்.